மட்டக்களப்பில் ஹேர்னியா சத்திரசிகிச்சை: அரச வாட்டைப் பற்றிய மதிப்புரை

படுவான்கரையில் வெள்ளாமை செய்யும் என் மாமாவுக்கு வலப்பக்கக் கவட்டில், தசைச்சுவரின் பலவீனமான இடத்தால் குடல் வெளித்தள்ளும் குடலிறக்கம் (ஹேர்னியா) ஏற்பட்டு, மட்டக்களப்பு மாவட்டத்தின் அரச வைத்தியசாலை ஒன்றில் அண்மையில் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. அதற்கு முன்னர் தனியார் நிலையம் ஒன்றிலும் ஆலோசனை பெற்றிருந்தோம். எங்கள் பகுதியில் நெல்மூட்டை தூக்குவோரிலும் தோணி இழுப்போரிலும் பலர் இந்த நோயை வருடக்கணக்கில் மறைத்து வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படும் என்பதால் இரண்டு இடங்களிலும் கண்டதை எழுதுகிறேன்.

தனியார் நிலையத்தில், சிறு துளையிட்டுக் கமரா மூலம் செய்யும் லெப்ரஸ்கோப்பி முறைக்கு உலகமே மாறிவிட்டது என்றும், வெட்டிச் செய்வது கைவிடப்பட்ட பழைய முறை என்றும் சொல்லிப் பெரிய தொகை ஒன்றைக் கேட்டார்கள். வயலை ஈடு வைக்கவும் மாமா தயாராக இருந்தார். ஆனால் அவர்கள் சொன்னது சரியல்ல.

கவட்டுக் குடலிறக்கத்துக்கான நவீன சத்திரசிகிச்சை, இத்தாலியின் பாதுவா நகரில் சத்திரசிகிச்சை நிபுணர் எடோர்டோ பசினி 1880களில் தசை அடுக்குகளை இழுத்துத் தைத்ததோடு தொடங்குகிறது. இழுத்துத் தைத்த இடம் நாளடைவில் விட்டுக்கொடுப்பதே அம்முறையின் குறை. கனடாவில் 1945இல் வைத்தியர் ஷோல்டைஸ் தொடங்கிய வைத்தியசாலை இன்றும் செயற்கை வலை வைக்காமல், தசையை நான்கு வரிசையாகத் தைக்கும் முறையையே பின்பற்றுகிறது. அங்கே உடல் பருத்தவர்களை எடை குறைத்துக்கொண்டு வரச் சொல்கிறார்கள். லொஸ் ஏஞ்சலிஸில் வைத்தியர் லிக்டென்ஸ்டைன் 1980களில் வேறு வழியை எடுத்தார். தசையை இழுக்காமல், பலவீனமான சுவரின் மேல் பொலிப்ரொப்பிலீன் வலை ஒன்றைப் பதித்துவிட்டால், உடல் தன் திசுவை அதற்குள் வளர்த்துக்கொள்ளும். வெட்டிச் செய்யும் திறந்த முறைகளில் உலகில் மிகப் பரவலாகச் செய்யப்படுவது இதுவே. கவட்டுக் குடலிறக்கத்துக்கென 2018இல் வெளியான சர்வதேச மருத்துவ வழிகாட்டல், வலை வைத்துச் செய்வதையே பரிந்துரைத்து, திறந்த முறையா, துளைவழி முறையா என்பதைச் சத்திரசிகிச்சை நிபுணரின் தேர்ச்சியையும் நோயாளியின் நிலையையும் பார்த்துத் தீர்மானிக்கச் சொல்கிறது. இரு பக்கமும் குடலிறக்கம் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் துளைவழி முறைக்கு அது முன்னுரிமை தருகிறது. நோவு குறைவு, விரைவில் எழுந்து நடமாடலாம் என்பவை அம்முறையின் உண்மையான நன்மைகள். ஆயினும் அதில் கைதேற ஒருவர் மேற்பார்வையின் கீழ் 50 முதல் 100 வரை செய்திருக்க வேண்டும் என்றும் அதே வழிகாட்டல் கணிக்கிறது. எனவே பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய கேள்வி, இதை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்பதே. நாங்கள் கேட்டபோது நேரான பதில் கிடைக்கவில்லை.

விலை உயர்ந்த வலைதான் நல்ல வலை என்று சொல்வதும் அதுபோலவே சரியல்ல. உகண்டாவில் 302 ஆண்களிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வில், கிருமிநீக்கம் செய்த நுளம்புவலைத் துணி, விலை உயர்ந்த வலைக்கு ஏறத்தாழ இணையாகவே பயன்பட்டது. அந்தத் துணியைப் பயன்படுத்தும் வழக்கத்தை இந்தியாவின் மகாராஷ்டிராவில் வைத்தியர் தொங்காவ்கர் முன்னரே தொடங்கியிருந்தார்.

அரச வைத்தியசாலையின் கிளினிக்கில் கூட்டம் அதிகம், சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைப்பதும் தாமதம். ஆனால் வைத்திய நிபுணர் மாமாவை நிற்கவைத்து, இருமச் சொல்லி, கையால் தொட்டுப் பார்த்தே நோயை உறுதி செய்தார். தேவையற்ற ஸ்கான் எதையும் எழுதவில்லை. உடனே வெட்ட வேண்டும் என்று பயமுறுத்தவும் இல்லை. நோவு இல்லாத, அல்லது மிகக் குறைந்த ஆண்கள் கவனமாகக் காத்திருப்பதும் பாதுகாப்பானதே என்று அமெரிக்காவில் 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. எனினும் அவ்வாறு காத்திருந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பத்து ஆண்டுகளுக்குள், பெரும்பாலும் நோவின் காரணமாக, சத்திரசிகிச்சைக்கு வந்துவிட்டனர். மூட்டை தூக்கும்போது மாமாவுக்கு நோவு இருந்ததால், செய்வதே நல்லது என்றார். வீக்கம் உள்ளே போகாமல் கல்லாக இறுகி, நோவும் வாந்தியும் வந்தால் திகதிக்குக் காத்திருக்காமல் அன்றே வர வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். கேட்ட கேள்விக்கெல்லாம், "ஐயா, விளங்கினதா?" என்று கேட்டு, விளங்கும்வரை சொன்ன அந்தப் பொறுமைக்காகவே இந்தப் பிரிவை நான் முழு மனதுடன் பரிந்துரைக்கிறேன். லிக்டென்ஸ்டைன் முறையில் வலை வைத்தார்கள். கட்டணம் எதுவும் இல்லை, காயமும் சுத்தமாக ஆறியது.

ஆனாலும் மயக்க மருந்து விடயத்தில் எனக்குத் திருப்தியில்லை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்கச் செய்தார்கள். அன்றிரவு மாமாவுக்குச் சிறுநீர் போகாமல் குழாய் வைக்க நேர்ந்தது. முதுகு ஊசிக்குப் பின் வயதான ஆண்களுக்கு இது வரக்கூடியதே. அதனால்தான் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு முதுகு ஊசியைவிட, வெட்டும் இடத்தை மட்டும் விறைக்கச் செய்வதோ முழு மயக்கமோ மேல் என்று வழிகாட்டல் கருதுகிறது. இடத்தை மட்டும் விறைக்கச் செய்து திறந்த சத்திரசிகிச்சை செய்தால் நோயாளி அன்றே வீடு திரும்பலாம், கட்டில் இன்னொருவருக்குக் கிடைக்கும், திகதிக்காகக் காத்திருப்போரின் வரிசையும் குறையும். இந்தப் பிரிவு அதனை வழக்கமாக்கினால் மாவட்டத்துக்கே பெரிய உதவியாக இருக்கும்.

வீட்டுக்கு அனுப்பும்போது கிடைத்த அறிவுரையிலும் ஒற்றுமை இல்லை. எப்போது வயலுக்கு இறங்கலாம் என்று மாமா கேட்டபோது, நிபுணர் நோவு விடுகின்ற அளவுக்கு நடமாடலாம் என்றார். வாட்டில் இருந்த இன்னொருவர் ஆறு மாதம் எதையும் தூக்கக்கூடாது என்றார். பெரும்போக அறுவடையை எதிர்பார்த்திருக்கும் குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் சிறியதல்ல. வழிகாட்டல் சொல்வதும் நிபுணர் சொன்னதையே.

தந்த அட்டை முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. எந்தப் பக்கம், எந்த முறை, எந்த வலை, எந்த அறிகுறி தெரிந்தால் திரும்ப வர வேண்டும் என்பவற்றைத் தமிழில் அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுக்கும்படி அந்தப் பிரிவைக் கேட்டுக்கொள்கிறேன். சுவீடன் 1992 முதல் ஹேர்னியா சத்திரசிகிச்சைகளைத் தேசியப் பதிவேட்டில் பதிந்து வருகிறது. அவ்வளவு இப்போது இங்கே முடியாவிட்டாலும், சில வருடங்களின் பின் கவட்டில் நோவு என்று மாமா வேறொரு வைத்தியரிடம் போனால், உள்ளே என்ன வைக்கப்பட்டிருக்கிறது என்பதை அவரே எடுத்துச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும்.