சந்தா எடுக்கலாமா? ஒரு ஆர்க்கிடெக்ட்டின் பதில்

கோட் எழுதும் ஏஐ ஏஜென்ட்டுக்கு டீம் மொத்தத்துக்கும் சந்தா எடுக்கலாமா என்று நண்பர் கேட்டிருந்தார். அவரும் என்னைப் போல சொல்யூஷன் ஆர்க்கிடெக்ட்தான், அதாவது மென்பொருளின் வடிவமைப்பை முடிவு செய்பவர். 2022-ல் கிட்ஹப் கோபைலட் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த காலத்திலிருந்தே இந்த வகைக் கருவிகளோடுதான் என் பிழைப்பு. வேகம், மாடல், விலை எல்லாம் அவருக்கே தெரியும். நேராக என் எரிச்சலுக்கு வருகிறேன்.

ஏஜென்ட் கேட்காமலே முடிவெடுத்துவிடுகிறது. எடுத்த முடிவைச் சொல்வதும் இல்லை.

பணம் வசூலிக்கும் பேமென்ட் கேட்வே நேரத்துக்குள் பதில் தராமல் டைம்அவுட் ஆனால் மறுபடி முயல வேண்டும் என்று எங்கள் டெவலப்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஏஜென்ட் மூன்று தடவை முயலும் லூப்பை எழுதி, நடுவில் காத்திருக்கும் நேரத்தை ஒவ்வொரு தடவையும் இரட்டிப்பாக்கி, டெஸ்ட்டும் சேர்த்துக் கொடுத்துவிட்டது. எல்லா டெஸ்ட்டும் பாஸ், எல்லாம் பச்சை. ஆனால் டைம்அவுட் என்றால் பணம் போகவில்லை என்று அர்த்தமில்லை. பணம் எடுக்கப்பட்டு, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். எல்லா முயற்சிக்கும் ஒரே ஐடெம்பொட்டன்சி கீயை, அதாவது கோரிக்கைக்கான அடையாளக் குறியை, அனுப்பினால்தான், வந்திருப்பது பழைய கோரிக்கையே என்று கேட்வேக்குத் தெரியும். ஏஜென்ட் எழுதியதில் அந்தக் கீ இல்லை. ரிவ்யூவில் கண்ணில் படாமல் போயிருந்தால் வாடிக்கையாளர் ஒரே பில்லுக்கு இரண்டு தடவை பணம் கட்டியிருப்பார்.

கீ எங்கே என்று கேட்டதும், 'நீங்கள் சொல்வது மிகச் சரி' என்று நொடியில் சேர்த்துவிட்டது. எனக்குக் கோபம் வந்ததே அங்கேதான். தெரிந்திருக்கிறது, முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! புதிதாகச் சேர்ந்த பையன் என்றால் இந்த இடத்தில் தயங்கி வந்து நிற்பான். டிசைன் பேச்சே அந்தத் தயக்கத்தில்தான் தொடங்கும்.

அப்புறம் அந்தத் தலையாட்டல். மென்பொருளைத் தனித்தனியாக ஓடும் சின்னச் சின்ன மைக்ரோசர்வீஸாகப் பிரிக்கலாமா என்றால் அதற்குக் காரணம் அடுக்கும். ஒரே துண்டான மோனோலித்தாகவே இருக்கட்டுமே என்றால் அதற்கும் அடுக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் படுத்தால் எழுந்து பார்க்க நம்மிடம் எத்தனை பேர் என்பதை நாமாகச் சொன்னால்தான் உண்டு.

நல்லதையும் சொல்லியாக வேண்டும். மைக்கேல் நைகார்ட் 2011-ல் முன்வைத்த ஏ.டி.ஆர். (ஆர்க்கிடெக்சர் டிசிஷன் ரெக்கார்ட்) முறைப்படி, ஒவ்வொரு டிசைன் முடிவையும் சூழல், முடிவு, விளைவு என்று சின்னக் கோப்பாக எழுதிவைப்பது என் வழக்கம். வருஷக்கணக்கில் யாரும் திறந்துகூடப் பார்த்ததில்லை. ஏஜென்ட் படிக்கும் விதிக் கோப்பில் அவற்றை இணைத்தேன். ஆர்டர் டேபிளை நேரடியாகத் தொடக்கூடாது, ஆர்டர் சர்வீஸின் ஏபிஐ வழியாகத்தான் போக வேண்டும் என்று நான் என்றோ எழுதியதை எடுத்துக்காட்டி, ஒருவர் கேட்ட குறுக்குவழியை அது மறுத்தது. மனசு குளிர்ந்துவிட்டது. எழுதிய எனக்கே மறந்திருந்த காரணத்தையும் சேர்த்துச் சொன்னது! உரையாடல் நீண்டால் அதே விதியைக் கோட்டை விடவும் செய்கிறது என்பதால், ஜாவா பக்கம், கோடின் கட்டமைப்பு விதிகளைச் சோதிக்கும் ஆர்க்யூனிட் டெஸ்ட்டும் போட்டிருக்கிறேன். பேக்கேஜ் எல்லையைத் தாண்டினால் பில்ட் நின்றுவிடும்.

இவ்வளவு சொல்லிவிட்டும் நண்பருக்கு என் பதில், இப்போதைக்கு வேண்டாம். என் சந்தாவை நான் நீட்டித்துவிட்டேன், அது வேறு. அவரிடம் மூன்று டீமுக்கும் சேர்த்து ஆர்க்கிடெக்ட் அவர் ஒருவர்தான். வந்து குவியும் கோடில் ஒளிந்திருக்கும் முடிவுகளைத் தேடிப்பிடிக்க அவருக்கு நேரம் கிடைக்காது. எடுத்தே தீருவேன் என்றால், முதலில் ஏ.டி.ஆர். எழுதட்டும். பேமென்ட் பக்கம் மட்டும் ஏஜென்ட்டை விட வேண்டாம்.