வெப் சாயில் சர்வே: எங்கே தோண்டுவது என்று சொல்லும், எவ்வளவு சோடியம் என்று சொல்லாது

அமெரிக்க வேளாண் துறையின் இயற்கை வளப் பாதுகாப்புப் பிரிவு 2005 முதல் இலவசமாக நடத்திவரும் மண் வரைபடச் சேவை வெப் சாயில் சர்வே. கணக்குத் தொடங்க வேண்டாம், பணம் கட்ட வேண்டாம். நிலத்தின் எல்லையை வரைந்தால் அங்குள்ள மண் வகை, ஆழவாரியான தன்மை, எதற்கு உகந்தது என்பதெல்லாம் திரையில் வந்துவிடும். சாதாரண நிலத்துக்கு இது தாராளமாகப் போதும். சோடியம் ஏறிய களிமண்ணுக்கும் போதுமா என்று பார்க்கத்தான் இந்த மதிப்புரை. அதற்கு ரெட் ரிவர் பள்ளத்தாக்கை விடக் கடினமான தேர்வுக்களம் கிடைப்பது அரிது.

வடக்கு டக்கோட்டாவுக்கும் மின்னசோட்டாவுக்கும் எல்லையாக வடக்கு நோக்கி ஓடி வின்னிபெக் ஏரியில் கலக்கிறது ரெட் ரிவர். அதன் இருபுறமும் இருப்பது பனியுகத்தின் முடிவில் வற்றிப்போன அகாசிஸ் ஏரியின் அடித்தளம். ஃபார்கோ நகரத்தை ஒட்டி ஒரு மைலுக்கு ஓர் அடிகூடச் சரிவு கிடையாது. பெய்த மழை எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கும் தரை. கோதுமை, சோயா, சர்க்கரை பீட்ரூட் விளையும் கரிய களிமண் ஃபார்கோ வகை. அதன் பக்கத்திலேயே, பார்வைக்கு அதே கறுப்பாக, ஏரித்தளத்திலும் ஆற்றின் வெள்ளச் சமவெளியிலும் கிடப்பது ரையன் வகை. இரண்டுமே விரிந்து சுருங்கும் ஸ்மெக்டைட் களிமண், இரண்டிலும் வடிகால் மோசம். ஆனால் ரையனின் கீழடுக்கில் சோடியம் குடியிருக்கிறது. ஒன்றில் பயிர் நிற்கும், மற்றதில் திட்டுத்திட்டாக முளைப்பே இருக்காது. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுகிறதா என்பதே தளத்துக்கு வைக்க வேண்டிய சோதனை.

தமிழில் களர் என்றும் உவர் என்றும் இரண்டு சொற்கள் இருப்பது இங்கே பெரிய உதவி. உப்பு மிகுந்தது உவர், அதை அளப்பது மின்கடத்துத்திறன். சோடியம் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டது களர், அதை அளப்பது எஸ்.ஏ.ஆர். எனப்படும் சோடியம் ஈர்ப்பு விகிதம். தளத்திலும் இவை தனித்தனிப் பத்திகள்தான். மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸ் தாண்டினால் உவர், எஸ்.ஏ.ஆர். 13 தொட்டால் களர் என்பது வழக்கமான எல்லை. ரையன் போன்ற ஸ்மெக்டைட் மண்ணில் 13 வரை காத்திருக்க வேண்டாம். அதில் பாதி அளவிலேயே வீக்கமும் மேலோடு கட்டுவதும் தொடங்கிவிடலாம்.

இனிப் பயன்படுத்தும் முறை. முதல் தாவலில் முகவரி, மாநிலம்–கவுண்டி, அல்லது அட்சரேகை–தீர்க்கரேகை கொடுத்து நிலத்தைப் பிடியுங்கள். செவ்வகமாகவோ பலகோணமாகவோ எல்லை வரையுங்கள். இரண்டாவது தாவலில் மண் வரைபடம் வரும். மூன்றாவது தாவலான சாயில் டேட்டா எக்ஸ்ப்ளோரரில் வேதியியல் பண்புகளுக்குள் போனால் எஸ்.ஏ.ஆர். இருக்கும். பெரும்பாலோர் இங்கே நேரே மதிப்பீடு பொத்தானை அழுத்தி, வந்த வண்ணப் படத்தை அச்செடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். தவறு நடப்பது அங்கேதான்.

காரணம் ஒன்று, அடுக்கு. எந்த ஆழத்தின் மதிப்பு வேண்டும் என்று தளம் கேட்கும்: மேலடுக்கு மட்டும், குறிப்பிட்ட ஆழ இடைவெளி, எல்லா அடுக்கும். மேலடுக்கைத் தேர்ந்தால் களர் நிலம்கூட நல்ல நிலமாகத் தெரியும். மழை மேல்மண்ணைக் கழுவிவிடுகிறது, சோடியம் பல இடங்களில் உழவு ஆழத்துக்கு அடியிலுள்ள களி அடுக்கில் தங்குகிறது. எல்லா அடுக்கும் என்று கொடுத்தால் ஆழம் முழுவதற்குமான சராசரி வரும், அதுவும் உதவாது. ஆழ இடைவெளியைத் தேர்ந்து, சென்டிமீட்டருக்கு மாற்றி, 0–15, 15–30, 30–60, 60–100 என்று நான்கு முறை ஓட்டுங்கள். நான்கு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சோடியம் எந்த ஆழத்தில் தலைகாட்டுகிறது என்று பளிச்சென்று தெரியும். முழுத் தளத்திலும் களர் நிலத்துக்கு உருப்படியான வேலை இதுதான்.

காரணம் இரண்டு, கலவை. வரைபடத்தில் ஒரு கட்டம் என்பது ஒரே மண் அல்ல. ரையனும் ஃபார்கோவும் பிரித்து வரைய முடியாத அளவுக்குப் பின்னிக் கிடக்கும் இடங்களில் இரண்டையும் சேர்த்து ஒரே பெயரில் போட்டிருப்பார்கள். ஆதிக்க மண்ணின் மதிப்பைக் கொடு என்று விட்டால், 85 விழுக்காடு ஃபார்கோவும் 10 விழுக்காடு ரையனும் உள்ள கட்டம் முழுதும் ஃபார்கோ நிறத்தில் வரும். ரையன் இருந்த தடமே இருக்காது. எடையிட்ட சராசரி இன்னும் மோசம். ஓர் எடுத்துக்காட்டுக்கு, எஸ்.ஏ.ஆர். 2 உள்ள மண் 60 விழுக்காடும் 18 உள்ள மண் 40 விழுக்காடும் இருந்தால் படத்தில் 8.4 என்று வரும். அந்த 8.4 வயலில் எங்குமே கிடையாது. வண்ணப் படத்தை நம்பாமல் சாயில் ரிப்போர்ட்ஸ் பகுதியில் வேதியியல் பண்புகள் அட்டவணையை எடுங்கள். முக்கிய மண் ஒவ்வொன்றுக்கும் அடுக்குவாரியாக நேரயனி மாற்றுத்திறன் (கால்சியம், சோடியம் போன்றவற்றை மண் பிடித்துவைக்கும் அளவு), அமில–கார நிலை, சுண்ணாம்பு, ஜிப்சம், உவர்த்தன்மை, எஸ்.ஏ.ஆர். எல்லாம் வரிசையாக இருக்கும். கூடவே கட்ட விவரணையைத் திறந்தால் சிறுபான்மை மண்களின் பெயரும் விழுக்காடும் தெரியும். அதில் ரையன் என்ற பெயர் ஐந்து விழுக்காடு என்று வந்தாலும் அந்த நிலத்தைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

அளவுகோல் பற்றித் தளமே எச்சரிக்கிறது. வரைந்த அளவைத் தாண்டிப் பெரிதாக்கினால், இந்த அளவில் வரைபடம் செல்லாமல் போகலாம் என்ற வாசகம் படத்தின் மீதே வரும். அதை அலங்காரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சில ஏக்கருக்குக் குறைவான களர்த் திட்டுகள் இந்த வரைபடங்களில் தனியாக வராது, ரெட் ரிவர் வயல்களில் திட்டுகள் பெரும்பாலும் அந்த அளவுதான். எஸ்.ஏ.ஆர். எண்களும் உங்கள் வயலில் அளந்தவை அல்ல. அந்த மண் வகைக்கு மதிப்பிட்டுப் பதிந்த எல்லைகள். 5 முதல் 25 வரை என்று ஓர் அட்டவணை சொன்னால், மண்ணைத் தோண்டிப் பார்க்காமல் முடிவெடுக்காதே என்பதே அதன் பொருள்.

இந்தச் சேவையின் உண்மையான பொக்கிஷம் வரைபடத்தில் இல்லை, அதோடு சேர்ந்து கிடைக்கும் மண் வகை விவரணைப் பக்கங்களில் இருக்கிறது. ரையன் என்று தேடினால் அதன் வகைப்பாடு, மாதிரிக் குழியின் அடுக்குகள், ஈரத்தில் என்ன நிறம், காய்ந்தால் என்ன நிறம், பக்கத்து மண் எது, எந்த நிலத்தோற்றத்தில் கிடக்கும் என்று வரிசையாக எழுதியிருக்கும். வகைப்பாட்டிலேயே நேட்ராக்வெர்ட் என்ற சொல் நிற்கிறது. சோடிய அடுக்கு, நீர் தேங்கல், வெடித்து விரியும் களிமண் மூன்றையும் ஒரே பெயரில் அடைத்த சொல் அது. ஃபார்கோவின் பெயர் எபியாக்வெர்ட். தேங்கலும் வெடிப்பும் உண்டு, சோடியம் இல்லை. இந்தப் பெயர் வேறுபாட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கீழடுக்கில் ஜிப்சம் படிகம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், ஜிப்சத்திலுள்ள கால்சியம்தான் களியோடு ஒட்டிய சோடியத்தை வெளியேற்றும் என்பதால் இடுபொருள் செலவைக் கணக்கிடும்போது அது முக்கியம்.

தளம் கோட்டைவிடும் பெரிய இடம் வடிகால். நிலத்தடியில் துளைக்குழாய் பதிப்பது இப்பள்ளத்தாக்கில் பெரிய முதலீடு. வடிகால் மோசம் என்ற ஒரு வரியைப் படத்தில் பார்த்துவிட்டுக் குழாய் போட்டால் களர் மண்ணில் நிலைமை இன்னும் கெடலாம். உப்பு இருக்கும்வரை களித்துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். குழாய் முதலில் இழுத்துச் செல்வது உப்பைத்தான். களியோடு ஒட்டிய சோடியம் அவ்வளவு சுலபமாகப் போகாது. உப்பு போய்ச் சோடியம் மிஞ்சியதும் துகள்கள் சிதறி, துளைகளை அடைத்து, தண்ணீர் குழாய் வரை வராமலே நின்றுவிடும். அதனால் மின்கடத்துத்திறனையும் எஸ்.ஏ.ஆரையும் எப்போதும் சேர்த்தே படிக்க வேண்டும். தளமோ இரண்டையும் தனித்தனிப் படமாகத்தான் தருகிறது. ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கும் வசதி இல்லாதது கடுமையான குறை. வடக்கு டக்கோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பிரிவு, மண் வகைவாரியாகக் குழாய் வடிகாலுக்கு ஏற்றதா என்று பட்டியலே வைத்திருக்கிறது. அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படம் காட்டிய இடத்துக்குப் போனதும் செய்ய வேண்டிய முதல் சோதனைக்குச் செலவே இல்லை. 15–30 சென்டிமீட்டர் ஆழத்துக் கட்டியை நிழலில் உலர்த்தி, பட்டாணி அளவுக்கு ஒரு துண்டு உடைத்து, காய்ச்சி வடித்த நீர் அல்லது மழைநீர் உள்ள கண்ணாடிக் குவளையில் மெல்ல விடுங்கள். கிணற்று நீர் கூடாது, அதிலுள்ள உப்பு சோதனையைக் கெடுக்கும். கலக்கவும் கூடாது. நல்ல களிமண் பொலபொலவென்று உதிர்ந்து சிறு துணுக்குகளாக அடியில் கிடக்கும், மேலே நீர் தெளிவாக இருக்கும். களர் மண்ணில் துண்டைச் சுற்றிப் பால் போன்ற வளையம் எழும். பத்து நிமிடத்தில் எழுந்தால் நிலைமை தீவிரம். இரண்டு மணி நேரத்திலும் மறுநாளும் மீண்டும் பாருங்கள். வளையம் இல்லை என்பதால் உடனே நிம்மதி அடையவும் வேண்டாம். உவரும் களரும் சேர்ந்த மண்ணில் உப்பே சிதறலைத் தடுத்து நிறுத்தியிருக்கும். அதே மண்ணை இரண்டு மூன்று முறை மழைநீரில் அலசி, உலர்த்தி, மறுபடி போட்டால் உண்மை வெளிவரும்.

ஆய்வகத்துக்கு அனுப்பும்போது நல்ல திட்டையும் கெட்ட திட்டையும் கலக்காதீர்கள். ஒவ்வொரு திட்டிலும் எட்டுப் பத்து இடத்தில் எடுத்து, ஆழவாரியாகத் தனித்தனிப் பையில் போடுங்கள். நிறைவுக் கூழ் முறையில் (மண்ணை நீரில் கூழாக்கி, அதிலிருந்து பிரித்த நீரை அளப்பது) மின்கடத்துத்திறன், கால்சியம், மக்னீசியம், சோடியம் கேட்டு வாங்குங்கள். ஒரு லிட்டருக்கு மில்லிசமமாக (meq) சோடியம் 40, கால்சியம் 5, மக்னீசியம் 11 என்று வந்தால், கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கூட்டிப் பாதியாக்கினால் 8, அதன் வர்க்கமூலம் 2.83. 40-ஐ அதால் வகுத்தால் எஸ்.ஏ.ஆர். 14. களர்தான்.

ஜிப்சம் கணக்குக்குத் தளத்திலுள்ள நேரயனி மாற்றுத்திறன் எண் தொடக்க மதிப்பீட்டுக்கு உதவும். 15 சென்டிமீட்டர் ஆழத்தில், 100 கிராம் மண்ணுக்கு ஒரு மில்லிசமம் சோடியத்தை வெளியேற்ற ஏக்கருக்குச் சுமார் 780 கிலோ தூய ஜிப்சம் வேண்டும். மாற்றுத்திறன் 35, களியில் ஒட்டிய சோடியம் 20 விழுக்காடு, அதை 8-க்கு இறக்க வேண்டும் என்றால் நீக்க வேண்டியது 4.2 மில்லிசமம். ஏக்கருக்கு ஏறக்குறைய 3.3 டன். 80 விழுக்காடு தூய்மையுள்ள சரக்கு என்றால் 4.1 டன். இது மேல் 15 சென்டிமீட்டருக்கு மட்டும். சோடியம் அதற்குக் கீழே இருந்தால் செலவு அடுக்கடுக்காக ஏறும். வெளியேறிய சோடியத்தைக் கழுவிக்கொண்டு போக நீருக்கு ஒரு வழியும் வேண்டும், மைலுக்கு ஓர் அடி சரியாத தரையில் அதுதான் சிக்கல். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, மோசமான திட்டுகளை உப்பைத் தாங்கும் புல்லுக்கு விட்டுவிடுவதே பல நேரம் சரியான முடிவு.

பயன்பாட்டு வசதியில் தளம் பழையது. பொத்தான்கள் சிறியவை, கைப்பேசியில் எல்லை வரைவது பெரும்பாடு. அறிக்கை தனிச் சாளரத்தில் திறப்பதால் உலாவி அதைத் தடுத்தால் ஒன்றும் நடக்காதது போலத் தோன்றும், பாப்-அப் அனுமதியைத் திறந்துவிடுங்கள். ஷாப்பிங் கார்ட் என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அங்கேயும் எல்லாம் இலவசம். வேண்டிய படங்களையும் அட்டவணைகளையும் அதில் சேர்த்தால் ஒரே பி.டி.எஃப். ஆகக் கிடைக்கும். வயலில் நிற்கும்போது கலிஃபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தின் சாயில்வெப் கைக்கு அடக்கமானது. நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, மண்ணின் அடுக்குகளை ஓவியமாகவே காட்டும், அடியிலுள்ள தரவு இரண்டுக்கும் ஒன்றுதான்.

தரவு ஆண்டுதோறும் அக்டோபர் வாக்கில் புதுப்பிக்கப்படுகிறது. அறிக்கையில் அச்சாகும் பதிப்பு எண்ணையும் தேதியையும் ஆய்வக முடிவோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள். அடுத்த ஆண்டு கட்டத்தின் பெயரோ விழுக்காடோ மாறியிருந்தால், மாறியது மண்ணா வரைபடமா என்ற குழப்பம் வராது.