7 மாத டிஜிட்டல் மார்க்கெட்டிங் சேவை: பார்சல் மேசையிலிருந்து ஒரு மதிப்பீடு

தையல் மிஷின் உதிரி பாகங்களை ஆன்லைனில் விற்கிறோம். ஊசி, பாபின் (அடி நூல் சுற்றும் உருளை), பாபின் கேஸ், பிரஷர் ஃபுட் (துணியை அழுத்திப் பிடிக்கும் பாகம்), பெல்ட், இந்த மாதிரி. கணக்கும் பேக்கிங்கும் என் பொறுப்பு. எந்த மிஷினுக்கு எது பொருந்தும் என்று சொல்வது தம்பி, அவன் மெக்கானிக். விளம்பரம் இருவருக்கும் கைவராத வேலை என்பதால் ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சியிடம் 7 மாதம் ஒப்படைத்திருந்தோம். தேடல் விளம்பரம் (இணையத்தில் தேடும்போது முடிவுகளுக்கு மேலே வருவது), சமூக ஊடகப் பதிவுகள், மாதம் 6 கட்டுரைகள், வாடிக்கையாளர்களுக்கு மெயில். இவ்வளவும் ஒரே ஒப்பந்தத்தில். அவர்கள் பெயரை எழுதவில்லை. பேசிப் பார்த்த மற்ற இரண்டு இடங்களிலும் ஏறக்குறைய இதே முறையைத்தான் சொன்னார்கள். அதனால் முறையைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

மூன்றாம் மாத ரிப்போர்ட் பார்க்க அழகாக இருந்தது. செலவு செய்த தொகையைப் போல 9 மடங்கு விற்பனை, விளம்பரத்தால் மட்டும் 212 ஆர்டர் என்று போட்டிருந்தார்கள். தம்பிக்கு சந்தோஷம். எனக்கு மட்டும் கணக்கு இடித்தது. விளம்பரத்துக்கு முன்பே மாதம் 400 பார்சல் கட்டிக்கொண்டிருந்தேன். 212 புதிதாகச் சேர்ந்திருந்தால் என் இரண்டு கைகள் போதாது. அந்த மாதம் நான் கட்டியது 430.

எந்தச் சொற்களைத் தேடியவர்கள் விளம்பரத்தைக் கிளிக் செய்தார்கள் என்ற பட்டியலைக் கேட்டேன். கைக்கு வர 2 வாரம் ஆனது. கிளிக்குகளில் பாதிக்கு மேல் எங்கள் கடைப் பெயரின் மேலேயே விழுந்திருந்தன. எழுத்துப் பிழையோடு தேடியவர்களையும் சேர்த்து. அதாவது, ஏற்கெனவே எங்களைத் தெரிந்தவர், வாங்கும் முடிவோடு பெயரைத் தட்டுகிறார். மேலே எங்கள் விளம்பரம், அதற்கு நேர் கீழே எங்கள் தளம். மேலே இருப்பதைத் தொடுகிறார். அதற்கு நாங்கள் காசு கட்டுகிறோம். ரிப்போர்ட்டில் அது ஏஜென்சி கொண்டுவந்த விற்பனையாகப் பதிவாகிறது. அந்த 212 பேரின் மெயில் முகவரிகளை எங்கள் பழைய பட்டியலோடு உட்கார்ந்து ஒப்பிட்டேன். புதியவர்கள் 31 பேர்.

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ஆன்லைன் சந்தையான ஈபே நிறுவனமே 2012-ல் சில தேடுபொறிகளில் தன் பெயருக்கான விளம்பரங்களை நிறுத்திப் பார்த்தது. அங்கே பணியாற்றிய பொருளாதார நிபுணர்கள் 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். விளம்பரம் வழியாக வந்திருக்க வேண்டிய கிளிக்குகளில் 99.5 சதவீதம் விளம்பரம் இல்லாத சாதாரணத் தேடல் முடிவு வழியாகவே வந்து சேர்ந்தன. அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது, அதை விட்டுவிடக் கூடாது: பெயர் அல்லாத சொற்களுக்கான விளம்பரங்கள், புதியவர்களிடமும் எப்போதாவது வாங்குபவர்களிடமும் பலன் தந்தன. விளம்பரம் வீண் என்று நான் சொல்லவில்லை. தெரிந்தவரிடமே திரும்பத் திரும்பக் காட்டுவதுதான் வீண்.

சரி, நாமும் பார்ப்போம் என்று கடைப் பெயரை 3 வாரம் விளம்பரத்திலிருந்து விலக்கச் சொன்னேன். விலக்குவதற்கு வசதி இருக்கிறது, அதை அவர்கள் ஒருமுறைகூடப் பயன்படுத்தியிருக்கவில்லை. 3 வாரமும் பார்சல் எண்ணிக்கை அசையவில்லை. (போட்டிக் கடைக்காரர் உங்கள் பெயரில் விளம்பரம் போட்டால் நிலைமை வேறு. நிறுத்துவதற்கு முன் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பெயரில் யாரும் போடவில்லை.)

பேனர் விளம்பரங்களும், அதாவது மற்ற தளங்களிலும் ஆப்களிலும் வரும் பட விளம்பரங்களும், போட்டிருந்தார்கள். அவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பகுதி செல்போன் விளையாட்டு ஆப்களில் ஓடியிருந்தது. பந்தைத் தட்டப் போய் விரல் பட்டவர்களின் கிளிக்குகள்தான் அதிகம் என்று நினைக்கிறேன். வந்த வேகத்தில் மூடிவிட்டுப் போயிருந்தார்கள். தளத்துக்கு வருபவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிடிக்ஸிலும் ஒரு கவனக்குறைவு. விரிவான ஆய்வுக்கான தரவை அது இயல்பாக 2 மாதம்தான் வைத்திருக்கும், அமைப்பில் போய் 14 மாதமாக மாற்றிக்கொள்ளலாம். ஒரு நிமிட வேலை. மாற்றவில்லை. சீசன் மாதங்களை ஒப்பிட்டுக் கேட்டபோது தரவு இல்லை என்றார்கள்.

கட்டுரைகள் விஷயத்தில்தான் எனக்கு உண்மையான வருத்தம். மாதம் 6 என்ற எண்ணிக்கையைத் தவறாமல் முடித்தார்கள். தையல் மிஷின் பராமரிப்பின் அவசியம், சரியான ஊசியைத் தேர்ந்தெடுப்பது எப்படி, இப்படி. ஏஐ எழுதித் தந்தது என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஏஐ எழுதியது என்பது குறை இல்லை. மிஷினைத் திறந்து பார்த்த ஒருவரின் கை அதில் எங்கேயும் படவில்லை என்பதுதான் குறை. தரத்தைப் பார்க்காமல் தேடலுக்காகவே பக்கங்களைக் குவிப்பதை கூகுள் 2024 மார்ச்சில் ஸ்பேம் விதிகளுக்குள் கொண்டுவந்தது. அந்த ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் தொடங்கி, தேடல் பக்கத்தின் உச்சியிலேயே ஏஐ தொகுத்த பதிலைக் காட்டவும் ஆரம்பித்தது. பொதுவான பதில் அங்கேயே கிடைக்கும்போது அதையே திருப்பிச் சொல்லும் பக்கத்துக்குள் யார் வருவார்கள்?

அந்தச் சமயத்தில் தம்பி ஒரு பக்கம் எழுதினான். துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சிக்கினால் எல்லோரும் பாபினைத்தான் சந்தேகிப்பார்கள். பெரும்பாலும் கோளாறு மேல் நூலில். நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே நூல் சரியாக உட்கார்ந்திருக்காது. பிரஷர் ஃபுட்டைத் தூக்கிவிட்டு நூலைக் கோர்த்துவிடுங்கள், அப்போதுதான் தட்டுகள் விலகி நூல் உள்ளே இறங்கும். இவ்வளவுதான் விஷயம். அவன் கைப்பட எடுத்த 5 படங்களோடு போட்டான். 'பாபின் கேஸ் வாங்கத் தேவையில்லை, முதலில் இதைச் செய்து பாருங்கள்' என்று மேலேயே எழுதினான். விற்கிற பொருளை வாங்காதே என்று எழுதலாமா என ஏஜென்சியில் தயங்கினார்கள். ஏஜென்சி போட்ட அத்தனை கட்டுரைகளையும் சேர்த்தால்கூட அந்த ஒரு பக்கத்துக்கு வந்தவர்களுக்கு ஈடாகாது. மிஷின் சரியானதும் நன்றி சொல்லிவிட்டு ஊசியும் நூலும் வாங்கிப் போகிறார்கள்.

இப்போது அவர்கள் நன்றாகச் செய்த வேலை. மெயில் பகுதியைப் பார்த்துக்கொண்ட பெண் நிஜமாகவே கெட்டிக்காரி. முதல் வாரமே போன் செய்து, "மேடம், உங்க மெயில் பாதி பேருக்கு ஸ்பேம்ல போகுது, நீங்க பார்த்தீங்களா?" என்று கேட்டாள். பார்த்ததே இல்லை. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் மெயில் அனுப்புபவர்களுக்கு விதிகளை இறுக்கியிருக்கின்றன. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000-க்கு மேல் அனுப்புபவர்களுக்கு மெயில் நிஜமாகவே அவர்களிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற அமைப்புகள் மூன்றும் கட்டாயம், ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது, ஒரே கிளிக்கில் பட்டியலிலிருந்து விலக வழி இருக்க வேண்டும். நாங்கள் அந்த அளவுக்கு அனுப்புவதில்லை. ஆனாலும் மூன்றையும் அமைத்துக் கொடுத்தாள். ஒரு வருடமாக எங்கள் மெயிலைத் திறக்காதவர்களைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னாள். 1,800 பேர் 1,100 ஆனார்கள். எனக்கு மனசே இல்லை. அப்புறம் தம்பியின் ஊசி உடைவது பற்றிய குறிப்பை அனுப்பினோம். முன்பு 1,800 பேருக்கு அனுப்பி வந்த பதில்களைவிட, 1,100 பேரிடமிருந்து அதிகம் வந்தன.

ஒப்பந்தத்தை இப்போது மெயில் வேலைக்கு மட்டும் சுருக்கிவிட்டோம். அந்தப் பெண்ணே தொடர்கிறாள். மாத ரிப்போர்ட்டின் முதல் வரியில் லைக், பார்வை எதுவும் வேண்டாம், பழைய பட்டியலில் இல்லாத புது வாடிக்கையாளர் எத்தனை பேர் என்று மட்டும் கேட்டிருக்கிறேன். தேடல் விளம்பரத்தை இனி நாங்களே போடுகிறோம். கடைப் பெயர் கிடையாது, பாகங்களின் பெயர்கள் மட்டும். 4 வாரம் ஓட்டி 4 வாரம் நிறுத்துவதாகத் திட்டம். பார்சல் எண்ணிக்கையை மேசையில் ஒரு நோட்டு வைத்து எழுதி வருகிறேன். இது இரண்டாவது வாரம்.