16,500 ரூபாய்க்கு மெழுகு பூசிக்கொண்டு வந்த கதை

அந்தக் கடையிலிருந்து இன்று மாலை வெறுங்கையோடு வந்தேன். வந்த கையோடு இதை எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். காருக்கு வாக்ஸ் என்ற மெழுகு போதுமா, சீலன்ட் என்ற செயற்கைப் பூச்சு வாங்கலாமா, பெயிண்டின் மேல் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும் செராமிக் கோட்டிங்கே போட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் முதலில் என் 16,500 ரூபாய் போன விதத்தைப் படியுங்கள். எதை வாங்குவது, எப்படிப் போடுவது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று கடைக்காரன் இன்றைக்கே மிரட்டிவிட்டான். சென்னையில் ஒரு கார் டீட்டெயிலிங் கடை, அதாவது வண்டியைப் பாலிஷ் போட்டுக் கோட்டிங் பூசித் தரும் கடை. கூரை முழுக்கத் தேன்கூடு மாதிரி எல்இடி விளக்கு. அந்த விளக்கு இப்போது முக்கால்வாசிக் கடைகளில் இருக்கிறது, அதனால் மற்ற கடைக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வண்டி கறுப்பு. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. "கறுப்பு வேண்டாம், ஒரு வாரம் சுத்தமா நிக்காது" என்று வீட்டில் அப்போதே சொன்னாள். எங்கள் அபார்ட்மென்ட்டில் என் பார்க்கிங்குக்குக் கூரை கிடையாது, மேலே வேப்பமரம், அதில் காக்கா. கழுவுவதற்கு உப்புப் போர் தண்ணீர். வெயிலில் காய்ந்தால் பானெட் முழுக்க வெள்ளை வெள்ளையாக வட்டம் விழும். இதற்கெல்லாம் ஒரே தீர்வு கோட்டிங்தான் என்று வீடியோ பார்த்துப் பார்த்து நானே முடிவு செய்துகொண்டு போனேன். ஏமாறுவதற்குத் தயாராகப் போனேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஓனருக்கு முப்பது வயது இருக்கும். உள்ளே நுழையும்போது 'சார்' என்றான், டீ வரும்போது 'அண்ணா' ஆகிவிட்டேன். ஸ்டாண்டில் ஒரு கறுப்பு பானெட்டை நிறுத்தி வைத்திருந்தான். பாதிக்குக் கோட்டிங், பாதி சும்மா. மக்கில் தண்ணீர் எடுத்து ஊற்றினான். கோட்டிங் பக்கம் சேப்பங்கிழங்கு இலையில் உருளுவது மாதிரி முத்து முத்தாக உருண்டு ஓடியது, மறுபக்கம் அப்படியே படர்ந்து நின்றது. அப்புறம் லைட்டர் பெட்ரோலை ஊற்றிக் கொளுத்தினான். தீ அணைந்ததும் துணியால் துடைத்தான், ஒரு கறை இல்லை. "9எச் அண்ணா. வைரம் பத்துன்னா இது ஒன்பது. இதைப் போட்டுட்டா மூணு வருஷம் வண்டியை மறந்துடுங்க. உங்க வண்டின்னு நினைக்க மாட்டேன், என் வண்டின்னு நினைச்சுப் பண்ணுவேன்."

அந்தக் கடைசி வரிக்குத்தான் விழுந்தேன். சாவியைக் கொடுத்தேன், ஜிபேயில் 16,500 ரூபாயை அவன் சொந்த நம்பருக்குப் போட்டேன். பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி பில்லுன்னா 18 பர்சென்ட் சேரும் அண்ணா, எதுக்கு வீணா 2,970 ரூபாய்? வாரண்டி கார்டு தரேன், அது போதும்" என்றான். எனக்காகக் கவலைப்படுகிறானே என்று தோன்றியது. ஆட்டோவில் போகும்போது வீட்டுக்குப் போன் போட்டு "நல்ல பையன்" என்று வேறு சொன்னேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

9எச் என்பது பென்சில் கணக்கு. பெயிண்டின் மேல் எந்தப் பென்சில் கீறல் போடுகிறது என்று பார்க்கும் சோதனை அது. வைரத்துக்குப் பத்து என்பது கனிமங்களுக்கான வேறு அளவுகோல். இரண்டையும் ஒரே வாயில் சொன்னான், நானும் தலையாட்டினேன்.

காலை பத்து மணிக்கு விட்ட வண்டி, மூன்றரைக்கு "ரெடி அண்ணா" என்று போன். போனால் வண்டி கண்ணாடி மாதிரி நிற்கிறது. ஹோஸ் எடுத்து பானெட்டில் தண்ணீரைப் பீய்ச்சிக் காட்டினான். முத்து முத்தாக ஓடியது. நான் கைதட்டாத குறை. வீடியோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டேன்.

அந்த வீடியோதான் என் முட்டாள்தனத்துக்குச் சாட்சி. உண்மையான கோட்டிங் போட்ட அன்று தண்ணீரே படக்கூடாது. குறைந்தது ஒரு நாளாவது காய விட வேண்டும், ஒரு வாரத்துக்கு ஷாம்பு போட்டுக் கழுவக்கூடாது. அதற்கு முன்னால் களிமண் கட்டி தேய்த்து அழுக்கு எடுப்பது, மெஷின் பாலிஷ், ஆல்கஹால் போட்டு எண்ணெய்ப் பிசுக்கைத் துடைப்பது, பிறகு சின்னக் கண்ணாடி பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக எடுத்து ஒவ்வொரு பேனலாகத் தடவித் துடைப்பது என்று ஒன்றிரண்டு நாள் வேலை இருக்கிறது. ஐந்தரை மணி நேரத்தில் முடித்து, அன்றைக்கே ஹோஸ் அடித்துக் காட்டுகிறான் என்றால் அது என்ன? கடையில் கிடைக்கும் எந்த மெழுகைத் தடவினாலும் தண்ணீர் உருளத்தான் செய்யும். நான் பார்த்துப் பரவசப்பட்டது அதைத்தான்.

ஏழே வாரம். ஒரு மழை முடிந்து பார்த்தேன், பானெட்டில் தண்ணீர் குளம் மாதிரி நிற்கிறது. பழையபடி வெள்ளை வட்டம். போன் போட்டேன். "போர் தண்ணி உப்பு படிஞ்சு கோட்டிங் அடைச்சிருக்கும் அண்ணா, மெயின்டெனன்ஸ் வாஷுக்குக் கொண்டாங்க, 1,800 ரூபாய்தான்." வாரண்டி இருக்கிறதே என்றேன். "வாஷுக்கு வாரண்டி கிடையாதுண்ணா." அடுத்த முறை ஒரு பையன் எடுத்தான், அண்ணன் கோயம்புத்தூர் போயிருக்காராம். அதற்கடுத்த வாரமும் கோயம்புத்தூர். வாட்ஸ்அப்பில் நான்கு போட்டோ அனுப்பினேன், பதிலாக ஒரு கட்டைவிரல் வந்தது. அதற்குப் பிறகு ஒரு டிக்கோடு நிற்கிறது.

ஒருவேளை அவன் சொல்வது சரியாக இருந்தால் என்ன செய்வது என்று ஆபீஸ் நண்பருக்குத் தெரிந்த வேறொரு டீட்டெயிலரிடம் காட்டினேன். தகர ஷெட், தேன்கூடு விளக்கு எல்லாம் இல்லை. உப்புக்கறை எடுக்கும் திரவத்தை டிக்கி மூடியில் ஒரு சாண் அளவுக்குத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் அப்படியே படுத்துக் கிடந்தது. "அடைப்புன்னா இந்நேரம் உருண்டிருக்கணும் சார். கீழ ஒண்ணும் இல்ல." டார்ச்சைச் சாய்த்து அடித்துக் காட்டினார். பஃபிங் மெஷின் போன தடம் அலை அலையாகத் தெரிந்தது. மேலே இருந்தது வெறும் ஸ்பிரே வாக்ஸ்தான் என்றார். பெயிண்டின் மேல் இருக்கும் நிறமில்லாத கிளியர் கோட்டையும் கொஞ்சம் தின்றிருக்கிறானாம், அது திரும்ப வராது. பார்த்ததற்குக் காசு வாங்கவில்லை.

மெழுகு மட்டமான பொருள் என்று சொல்ல வரவில்லை. கார்னௌபா என்பது பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் இலையிலிருந்து எடுக்கும் மெழுகு, ஒன்றிரண்டு மாதம் நன்றாகவே காக்கும். மெழுகு என்று சொல்லி மெழுகு விலைக்குக் கொடுத்திருந்தால் சந்தோஷமாகப் போட்டிருப்பேன். சில நூறு ரூபாய் டப்பாவுக்கு 16,500 ரூபாய்!

இன்று நேரில் போனேன். கோயம்புத்தூர்க்காரர் கல்லாவில்தான் இருந்தார். நான் மறுபடி 'சார்' ஆகிவிட்டேன். "பில் இருக்கா சார்?" என்றான். வாரண்டி கார்டை நீட்டினேன். அதைத் திருப்பி என்னிடமே காட்டுகிறான்: "கோட்டிங்னு எங்க சார் போட்டிருக்கு? பெயிண்ட் புரொடெக்‌ஷன், மூணு வருஷம்னுதான் இருக்கு." பார்த்தேன், உண்மைதான். போட்ட பொருளின் பெயர் இல்லை, பேட்ச் நம்பர் இல்லை, என் பெயரும் வண்டி நம்பரும் லேமினேஷனும்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் வேறு யாரோ ஒருவருக்கு டீ கொடுத்து, மக்கில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தான் அந்தப் பையன். நான் சத்தம் போட்டதும் அவர் எழுந்து போய்விட்டார். அந்த ஒரு திருப்தி.

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், கை நடுங்குகிறது. சுருக்கமாக: தண்ணீர் உருளுவதைப் பார்த்து மயங்காதீர்கள். பாட்டில் சீல் உடைப்பதை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். அன்றைக்கே வண்டி தருகிறேன் என்றால் சாவியைத் திரும்ப வாங்குங்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள், பில்லில் பொருளின் பெயர் இருக்க வேண்டும். ஐந்தாறு மாதம் தாங்கினால் போதும் என்றால் ஒரு சீலன்ட் பாட்டில் வாங்கி ஞாயிற்றுக்கிழமை நிழலில் நிறுத்தி நீங்களே போடுங்கள், பெரிய வித்தை இல்லை.

ஜிபே ஸ்கிரீன்ஷாட்டையும் அந்த வீடியோவையும் வைத்துக்கொண்டு நாளைக் காலை நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடப் போகிறேன். 16,500 ரூபாய். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.