ஃபிஷர் ஃப்ரெண்ட் செயலி: காற்றுக்கு நம்பலாம், மீனுக்குக் கணக்குப் போடணும்

காசிமேட்டிலிருந்தோ பட்டினப்பாக்கத்திலிருந்தோ 9.9 குதிரைத்திறன் எஞ்சினோடு ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவருக்கு இந்தச் செயலி எவ்வளவு உதவும் என்பதுதான் இங்கே பேச்சு. அடிமட்டத்தில் மடி இழுக்கும் விசைப்படகுக்காரரின் தேவை வேறு.

தரமணியிலுள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் குவால்காம் நிறுவனமும் கைகோத்து உருவாக்கிய செயலி இது. காற்று, அலை, மீன்வளப் பகுதி விவரங்களைத் தருவது ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம். சமைப்பது அவர்கள், பரிமாறுவது செயலி. தமிழிலேயே இருக்கிறது, காசும் கிடையாது.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். காற்றும் அலையும் பார்ப்பதற்காக மட்டுமே இதைப் போனில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அலை உயரத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். கணிப்பில் 1.5 மீட்டர் என்று போட்டிருந்தால், வருகிற அலைகளில் பெரிதான மூன்றில் ஒரு பங்கின் சராசரி அது. நடுவில் ஒன்றிரண்டு 3 மீட்டரை நெருங்கலாம். கரையிலிருந்தே படகைத் தள்ளி இறக்கும் குப்பங்களில் உயரத்தை மட்டும் பார்த்தால் போதாது. தூரத்துப் புயலிலிருந்து வரும் நீண்ட அலை 1 மீட்டர்தான் இருக்கும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 15 விநாடி இடைவெளி இருந்தால் கரையில் வந்து உடையும்போது படகைக் குப்புறத் தள்ளிவிடும். காற்று வேகத்தில் அலகைக் கவனியுங்கள். 25 நாட் என்பது மணிக்கு 46 கிலோமீட்டர். வானிலை மையம் கடலுக்குப் போகாதீர்கள் என்று எச்சரிக்கும் 45-55 கிலோமீட்டர் வரம்புக்குள் அது வந்துவிடுகிறது. "இருபத்தஞ்சுதானே" என்று கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

மீன்வளப் பகுதி அறிவிப்புதான் எல்லோரும் ஆசையோடு திறந்து பார்ப்பது. கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் பாசிநுண்ணுயிரின் பச்சையத்தையும் செயற்கைக்கோள் படம் பிடிக்கிறது. சூடான நீரும் குளிர்ந்த நீரும் முட்டும் விளிம்பில் இரை சேரும், இரையைத் தேடி மீன் வரும் என்பது கணக்கு. ஆகவே கவலை, கானாங்கெளுத்தி மாதிரி மேல்மட்டத்தில் கூட்டமாகத் திரியும் மீனுக்கு இது பொருந்தும். அடிமட்டத்தில் கிடக்கும் இறாலுக்கு இதை நம்பிப் போவதில் அர்த்தமில்லை. பொதுவாக இன்ன மீன் என்றும் சொல்லாது. மேகம் மூடினால் வெப்பப் படம் கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகையில் சென்னைப் பக்கம் அறிவிப்பு பல நாள் வராமல் போவது அதனால்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, தடைக்காலத்திலும் வராது.

அறிவிப்பில் ஓர் இறங்குதளத்தின் பெயர், அங்கிருந்து திசை, கோணம், கிலோமீட்டரில் தூரம், மீட்டரில் ஆழம், அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் இருக்கும். தப்பு நடப்பது இங்கேதான். காசிமேட்டுக்குச் சொன்ன கோணத்தை வைத்துக்கொண்டு பட்டினப்பாக்கத்திலிருந்து ஓட்டினால் 10 கிலோமீட்டருக்கு மேல் விலகிப் போவீர்கள். அட்சரேகை, தீர்க்கரேகையைத்தான் பிடிக்க வேண்டும். அதிலும் ஒரு கண்ணி உண்டு. அறிவிப்பு பாகை, நிமிடம், விநாடி என்று வரும், கையடக்க ஜி.பி.எஸ். கருவி பெரும்பாலும் நிமிடத்தைத் தசமத்தில் கேட்கும். 13 பாகை 07 நிமிடம் 50 விநாடி என்றால் 07.833 என்று அடிக்க வேண்டும். 07.50 என்று அடித்தால் 600 மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். விநாடியை 60-ஆல் வகுப்பது, அவ்வளவுதான். மீட்டர் ஆழத்தைக் கடலில் பேசும் பாகக் கணக்குக்கு மாற்ற 1.83-ஆல் வகுங்கள், 40 மீட்டர் ஏறக்குறைய 22 பாகம்.

சரியான இடத்துக்கே போனாலும், செயற்கைக்கோள் பார்த்த நேரத்துக்கும் வலை விழும் நேரத்துக்கும் நடுவில் நீரோட்டம் அந்த விளிம்பை நகர்த்தியிருக்கும். அது புள்ளியல்ல, கோடு. குறுக்கே ஓட்டி, தண்ணீரின் நிறம் மாறுகிற இடத்தையும் நுரைக்கோட்டையும் பறவைக் கூட்டத்தையும் பாருங்கள்.

எரிபொருள் கணக்கைச் செயலி போட்டுத் தராது. 40 கிலோமீட்டர் என்றால் 21.6 கடல் மைல். 6 நாட், அதாவது மணிக்கு 6 கடல் மைல் வேகத்தில் மூன்றரை மணி நேரத்துக்கு மேல். எஞ்சின் மணிக்கு 4 லிட்டர் குடித்தால் போக வர 29 லிட்டர். கையிருப்பாக மூன்றில் ஒரு பங்கு சேர்த்தால் 38. கவலை மீனுக்கு அன்றைக்கு என்ன விலை என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கரையை விட்டுக் கொஞ்சம் விலகியதும் சிக்னல் போய்விடும். ஜி.பி.எஸ். தொடர்ந்து வேலை செய்யும், கணிப்பு புதுப்பிக்காது. கரையிலேயே எல்லாப் பக்கத்தையும் திறந்து வைத்து, இருப்பிடம் பிடித்த பிறகு கிளம்புங்கள். தூரம் போகிறவர்களுக்கு இது போதாது. 2019-ல் வந்த ஜெமினி கருவி செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வாங்கும், திருப்பி அனுப்பாது. இஸ்ரோ தொழில்நுட்பத்தில் படகுகளுக்குத் தரப்படும் டிரான்ஸ்பாண்டரில் இரண்டும் நடக்கும். ஆபத்தில் செய்தி அனுப்ப அதுதான் சரி.

இன்னொன்று. பள்ளிக்கரணையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் வங்காள விரிகுடாவில் மிதவைகள் விட்டிருக்கிறது. கணிப்பு சரியா என்று ஒப்பிடுவதற்கான நிஜ அளவு அங்கிருந்தும் வருகிறது. மிதவையின் நிழலில் மீன் அண்டும் என்பதால் படகைக் கட்டிவிடுகிறார்கள்; உணரிகள் உடைகின்றன, நங்கூரக் கயிறு அறுகிறது. காலையில் அலை உயரம் தப்பாக வந்தது என்று செயலியைத் திட்டுவதற்கு முன்னால் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.