மலை ஏறும் பிக்கப்பில் ஸ்பீக்கர் மாற்றம்: கொடைக்கானல் ரோட்டில் பல மழைக்காலம் ஓடிய பின் தெரிபவை

பிக்கப் வண்டியில் கம்பெனி ஸ்பீக்கரை மாற்ற நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது "எத்தனை வாட்?" என்றுதான். கொடைக்கானல் மலையில் லோடு ஓட்டும் வண்டிக்கு அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. பூம்பாறை, மன்னவனூர் பக்கம் கேரட்டும் பூண்டும் ஏற்றி, பெருமாள்மலை தாண்டி வத்தலக்குண்டுக்கோ, பழனி ரோட்டில் இறங்கி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கோ போய், காலி வண்டியாகத் திரும்பி ஏறும் பிழைப்பு இது. இந்த ஓட்டத்தில் ஸ்பீக்கரின் ஆயுளை முடிவு செய்வது கதவுக்குள் இறங்கும் தண்ணீர். சத்தத்தின் தெளிவை முடிவு செய்வது கதவுத் தகரம். ஸ்பீக்கர் என்ன பிராண்டு என்பது இவற்றுக்குப் பிறகுதான் வரும். கையில் பத்தாயிரம் ரூபாய் இருந்தால் பாதியை மட்டும் ஸ்பீக்கருக்கு வைத்துவிட்டு, மீதியைக் கதவுக்கும் ஒயருக்கும் ஒதுக்குங்கள்.

ஏற்றத்தில் என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கும். டம் டம் பாறையைத் தாண்டி இரண்டாவது கியரில் 2400 ஆர்.பி.எம்மில் இழுக்கும்போது அந்த வெடிப்பு நொடிக்கு 80 முறை, அதாவது 80 ஹெர்ட்ஸ். 1800-ல் இழுத்தால் 60 ஹெர்ட்ஸ். பாட்டில் தவிலும் பேஸ் கிட்டாரும் உட்கார்ந்திருக்கும் இடம் இதுவேதான். எஞ்சின் அந்த இடத்தை முழுக்கப் பிடித்துக்கொள்வதால், கதவில் இருக்கும் சின்ன ஸ்பீக்கரில் பேஸைக் கூட்டக் கூட்டக் கோன்தான் (ஸ்பீக்கரின் அதிரும் கூம்பு) அடிபடும், காதுக்கு ஒன்றும் கூடுதலாக வந்து சேராது. லோடு வண்டியில் கேட்க வேண்டியது குரல்: பாடகரின் வார்த்தை, ரேடியோ செய்தி, போனில் பேசும் மண்டிக்காரர். அந்தத் தெளிவு 300 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரைக்குள் அடங்கிவிடுகிறது. பிளேயரில் ஹை-பாஸ் ஃபில்டர் (குறிப்பிட்ட ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள பேஸை வெட்டும் வசதி) இருந்தால் 80 அல்லது 100 ஹெர்ட்ஸில் வையுங்கள். பல வண்டிகளில் பைசா செலவில்லாமல் பாதிக் கரகரப்பு அங்கேயே போய்விடும்.

ஸ்பீக்கர் தேர்வு

பிளேயரின் முகப்பில் "50 வாட் x 4" என்று அச்சடித்திருக்கும். உள்ளே இருக்கும் சிப் 4 ஓம் ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து கொடுப்பது சுமார் 15 முதல் 22 வாட் ஆர்.எம்.எஸ். மட்டுமே. ஆகவே தனி ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) இல்லாத வண்டிக்குப் பார்க்க வேண்டிய எண் சென்சிட்டிவிட்டி, அதாவது அதே வாட்டுக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தருகிறது என்பது. 92 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்டில் தரும் சத்தத்தை 87 டெசிபல் ஸ்பீக்கர் தர 60 வாட்டுக்கு மேல் வேண்டும். பெட்டியில் "350 வாட்" என்று கொட்டை எழுத்தில் இருப்பதைப் பார்த்து வாங்கும் கனமான ஸ்பீக்கர், வெறும் பிளேயரில் கம்பெனி ஸ்பீக்கரை விட மெதுவாகப் பாடுவது இதனால்தான்.

கோன் பாலிபுரொப்பிலீனாக இருக்கட்டும், ஓர வளையம் ரப்பராக இருக்கட்டும். இந்த இரண்டிலும் சமரசம் வேண்டாம். காகிதக் கோனின் குரல் இனிமையானது, மறுப்பதற்கில்லை. ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேகத்துக்குள்ளேயே நிற்கும் வண்டியில் ஈரம் குடித்து அதன் விறைப்பு போய்விடும். ஃபோம் வளையம் சில வருடத்தில் விரல் பட்டாலே பொடியாக உதிரும். இன்றும் பல கம்பெனி ஸ்பீக்கர்கள் காகிதக் கோனோடுதான் வருகின்றன.

கோஆக்ஸியலா (மேல் சுருதி தரும் சின்ன ட்வீட்டர் நடுவிலேயே சேர்ந்தது), கம்போனென்டா (ட்வீட்டர் தனியாக வருவது)? கதவின் அடியில் இருக்கும் ஸ்பீக்கரை டிரைவரின் காலும் கிளீனரின் காலும் மறைக்கின்றன. மேல் சுருதி நேர்கோட்டில் போவதால் முழங்காலில் பட்டு அங்கேயே நின்றுவிடும். இதற்காகவே ட்வீட்டரைத் தனியாக டாஷ்போர்டு மூலையில் வைக்கும் கம்போனென்ட் செட் பிக்கப்புக்கு நல்ல தேர்வு. அவ்வளவு வேலை வேண்டாம் என்றால், ட்வீட்டரைச் சாய்த்துத் திருப்பும் வசதியுள்ள கோஆக்ஸியல் போதும்.

அளவை இணையத்தில் பார்த்து ஆர்டர் போடாதீர்கள். ஒரே வண்டியின் வேறு வேறு வருடத்து மாடல்களில் கூடத் துளை மாறுகிறது. டோர் பேடை (கதவின் உள்பக்க உறை) கழற்றி, கண்ணாடியை முழுக்க இறக்கி, துளையின் விட்டத்தையும் தகரத்திலிருந்து கண்ணாடி வரையுள்ள ஆழத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 6.5 இஞ்ச் ஸ்பீக்கருக்குத் துளை ஏறக்குறைய 127 முதல் 130 மி.மீ. வேண்டும், ஆழம் மாடலைப் பொறுத்து 45 முதல் 65 மி.மீ. ஆழம் குறைந்தால் ஸ்பீக்கரைத் தகரத்திலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்தும் ஸ்பேசர் வளையம் போட வேண்டும். கார்ப்பென்டர் கடையில் எம்.டி.எஃப். பலகையில் வெட்டித் தருவார்கள். மலைக்கு அது ஆகாது. ஒரே மழைக்காலத்தில் ஊறி உப்பி ஸ்க்ரூ பிடிமானத்தை விட்டுவிடும். சமையலறை அலமாரிக்குப் போடும் பி.வி.சி. ஃபோம் போர்டு 12 அல்லது 18 மி.மீ. கனத்தில் எல்லா ஊரிலும் கிடைக்கிறது. தண்ணீரில் போட்டாலும் ஊறாது.

கதவைத் திறப்பது

பேட்டரி நெகட்டிவை 10 நம்பர் ஸ்பேனரால் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். கையால் சுற்றும் கண்ணாடி என்றால் வைண்டர் கைப்பிடிக்குப் பின்னால் குதிரை லாடம் போல ஒரு கம்பிக் கிளிப் இருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் அது தெறித்து எங்கேயோ போகும். பழைய பனியன் துணியைக் கீற்றாகக் கிழித்து, கைப்பிடிக்கும் வாஷருக்கும் நடுவே விட்டு, இரண்டு முனையையும் பிடித்து இடமும் வலமும் இழுங்கள். துணியின் நூல் கிளிப்பின் முனையில் மாட்டி வெளியே இழுத்துவிடும். மறு கையை மேலே குவித்துப் பிடித்தால் கிளிப் கைக்குள்ளேயே விழும்.

டோர் பேடின் பிளாஸ்டிக் கிளிப்புகள் குளிரில் விறைத்துச் சட்டென்று முறியும். மார்கழி காலையில் மன்னவனூரில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்; வண்டியை வெயிலில் நிறுத்தி மதியம் செய்யுங்கள். அப்படிச் செய்தாலும் சில முறியும் என்பதால் உதிரி கிளிப் பத்தாவது வாங்கி வையுங்கள்.

கம்பெனி ஸ்பீக்கர் ரிவிட் அடித்திருந்தால் டிரில்லால் தலையைக் கடைந்து எடுக்க வேண்டும். அப்போது பறக்கும் இரும்புத் தூள்தான் புது ஸ்பீக்கரின் முதல் எதிரி. மேக்னட் அதை இழுத்துப் பிடிக்கும், அது வாய்ஸ் காயில் (கோனை அசைக்கும் கம்பிச் சுருள்) ஓடும் இடைவெளிக்குள் புகுந்தால் ஒவ்வொரு அடிக்கும் சர் சர் என்று உரசும். டிரில் வேலை முடியும்வரை புது ஸ்பீக்கரைப் பெட்டியை விட்டு வெளியே எடுக்கக் கூடாது. துளையைச் சுற்றியுள்ள தூளை ஈரத் துணியால் துடைத்து, வெறும் தகரம் தெரியும் இடத்தில் பெயின்ட் தொட்டு வைத்தால் துருவும் பிடிக்காது.

தண்ணீர்

இந்தப் பகுதியில் அவசரம் காட்டினால் மற்ற செலவெல்லாம் வீண். கண்ணாடி பீடிங் வழியாக மழைத் தண்ணீர் கதவுக்குள் இறங்குவது பழுதல்ல, கதவின் அமைப்பே அப்படித்தான். அது உள்பக்கமாக வழிந்து அடியிலுள்ள வடிகால் துளைகளில் வெளியேற வேண்டும். தோட்டத்துச் செம்மண் ரோட்டில் ஓடும் வண்டியில் அந்தத் துளைகள் சேறால் அடைத்துக் கொள்ளும். கதவை ஆட்டிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்கும். முதலில் ஒரு கம்பியால் அவற்றைக் குத்திச் சுத்தம் செய்யுங்கள்.

இன்னொன்று பனி நீர். இரவெல்லாம் குளிரில் கிடந்த வண்டி விடிகாலையில் இறங்கி வத்தலக்குண்டின் புழுக்கத்துக்குள் நுழையும்போது, சில்லென்றிருக்கும் தகரத்தில் காற்றின் ஈரம் முத்து முத்தாகக் கோத்துக்கொள்ளும். மழையே இல்லாத மாதத்திலும் ஸ்பீக்கர் டெர்மினல் பச்சை பூத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

டோர் பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பாலிதீன் ஷீட்டைச் சிலர் கிழித்து எறிந்துவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் தண்ணீர் டோர் பேடில் ஏறி, அட்டை ஊறி, கேபின் முழுக்கப் புழுங்கல் நாற்றம் வரும். கத்தியால் பசையை மட்டும் அறுத்து எடுத்து, வேலை முடிந்ததும் பியூட்டைல் டேப்பால் (பிசுபிசுப்பான ரப்பர் டேப்) சுற்றிலும் ஒட்டுங்கள். ஷீட்டின் அடி ஓரம் கதவுக்குள் மடங்கி இருந்தால்தான் வழியும் நீர் உள்ளே திரும்பும். ஸ்பீக்கருக்கு மேலே, கதவின் உள்பக்கம், பிளாஸ்டிக் துண்டால் சின்னக் கூரை ஒன்று வையுங்கள். முழுக்க மூடும் கிண்ணம் வேண்டாம். பின்பக்கக் காற்று அடைபட்டால் குரல் ஒல்லியாகிவிடும்.

டாம்பிங் ஷீட் பற்றி ஒரு வார்த்தை. அலுமினியத் தகடு ஒட்டிய 2 மி.மீ. பியூட்டைல் ஷீட்டை வெளித் தகரத்தின் உள்பக்கத்தில் நடுப்பகுதியாகக் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு ஒட்டினாலே தகரத்தின் டம டம அடங்கும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். தகர டப்பா சத்தம் மரச் சத்தமாக மாறினால் போதும். உள் தகரத்தில் ஸ்பீக்கரைச் சுற்றியுள்ள பெரிய ஓட்டைகளை அடைப்பதும் அதே அளவு முக்கியம், ஏனென்றால் கோனின் பின்பக்கக் காற்று முன்பக்கம் வந்து பேஸைத் தின்றுவிடும். மொட்டை மாடிக்கு ஒட்டும் தார் ஷீட் விலை குறைவு என்று வாங்காதீர்கள்: கொடைக்கானலில் அசையாமல் இருக்கும், ஒட்டன்சத்திரம் வெயிலில் நின்றதும் உருகி வழியும், நாற்றமும் போகாது. ஒட்டுவதற்கு முன் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் தகரத்தைத் துடைத்து, ஹேர் டிரையரால் சூடு காட்டி, ரோலரால் அழுத்த வேண்டும். குளிர்ந்த தகரத்தில் ஒட்டிய ஷீட் அடுத்த கோடையில் உரிந்து கண்ணாடியில் சிக்கும்.

ஒயர்

1.5 சதுர மி.மீ. தாமிர ஒயர் தாராளம். கடையில் கிடைக்கும் விலை மலிந்த ஸ்பீக்கர் ஒயர் பெரும்பாலும் தாமிரப் பூச்சுள்ள அலுமினியம். இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். ஈரத்தில் அது சீக்கிரம் பொடியாகும். ஒயர் கதவுக்கும் பாடிக்கும் இடையிலான ரப்பர் குழாய் வழியாகத்தான் போக வேண்டும். புது வண்டி என்றால் கம்பெனி ஒயரை வெட்டாமல் பொருத்தமான கப்ளர் வாங்கி இணையுங்கள், வாரன்டிப் பேச்சு வராது. இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றுவது இந்த ஊருக்குச் சரிப்படாது; சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, டெர்மினலில் ஈரம் தடுக்கும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவுங்கள்.

பிளஸ் மைனஸ் குழப்பம் இருந்தால் 1.5 வோல்ட் செல்லை ஒயரில் ஒரு கணம் தொடுங்கள். செல்லின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் பட்டால் கோன் வெளியே தள்ளும். ஒரு கதவு மட்டும் மாறியிருந்தால் இரண்டும் ஒன்றையொன்று கழித்து, பேஸ் காணாமல் போகும்.

ஆம்ப் கட்டாயம் இல்லை. கிராமத்து ரோட்டில் கண்ணாடியைத் திறந்துவிட்டு ஓட்டுபவர்களுக்கு ஒரு சேனலுக்கு 50 வாட் ஆர்.எம்.எஸ். தரும் சிறிய கிளாஸ்-டி ஆம்ப் உதவும். பாசிட்டிவ் ஒயரில் பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃபியூஸ், எர்த்துக்குப் பெயின்ட் சுரண்டிய பாடித் தகரம். எர்த் சரியில்லை என்றால் ஆக்ஸிலேட்டரோடு சேர்ந்து ஏறி இறங்கும் விசில் சத்தம் வரும். கெய்னை (ஆம்ப் எவ்வளவு பெருக்க வேண்டும் என்று வைக்கும் திருகு) மல்டிமீட்டரால் வையுங்கள்: ஸ்பீக்கரைக் கழற்றி, 1000 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, பிளேயரை முக்கால் அளவில் வைத்து, 4 ஓமுக்கு 50 வாட் என்றால் 14.1 வோல்ட் வரும் வரை திருப்பலாம். அதற்கு மேல் போனால் முதலில் கருகுவது ட்வீட்டர். கொண்டை ஊசி வளைவில் எதிர் வண்டியின் ஹாரன் காதில் விழ வேண்டும், வால்யூமுக்கு அதுதான் எல்லை.

ஓடிய பிறகு வரும் தொல்லைகள்

கதவைத் திறந்து மூடும்போது சத்தம் விட்டு விட்டு வந்தால் ரப்பர் குழாய்க்குள் ஒயர் அறுந்திருக்கிறது. லோடு ஏற்றும் இடத்தில் கதவு நாள் முழுக்கத் திறந்து மூடுவதால் பிக்கப்பில் இது சகஜம். ஒரு பக்கம் முழுக்க ஊமையானால் மீட்டரை ஸ்பீக்கர் டெர்மினலில் வையுங்கள்: 4 ஓம் ஸ்பீக்கர் 3.2 முதல் 3.8 வரை காட்டினால் காயில் உயிரோடு இருக்கிறது, பழுது ஒயரில். குறிப்பிட்ட சுருதியில் மட்டும் கிர்ரென்றால் பெரும்பாலும் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும் அல்லது டோர் பேட் கிளிப் போயிருக்கும். ஸ்பீக்கரைக் குறை சொல்லும் முன் டோர் பேடைக் கையால் அழுத்திப் பாருங்கள்.

கோடை பண்பலை 100.5 மலைமேல் இருந்து ஒலிபரப்பாவதால் சமவெளியில் வெகுதூரம் எடுக்கும். அதே மலையின் மடிப்புக்குள், வளைவுக்கு வளைவு இரைந்து தெளியும். மலையில் பட்டுத் திரும்பும் அலை செய்யும் வேலை அது. புது ஸ்பீக்கர் மேல் சுருதியைத் துல்லியமாகத் தருவதால் இரைச்சல் முன்பை விடக் கூடுதலாகத் தெரியும்; ஆன்டெனாவின் அடிப் போல்ட்டைத் துரு நீக்கி இறுக்கினால் ஓரளவு குறையும். பென்டிரைவில் 128 கே.பி.பி.எஸ். பாட்டுகள் இருந்தால் அவையும் இப்போது கூச்சமாகக் கேட்கும், அவற்றுக்குப் பதில் 320-ல் பதிந்த பாட்டுகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன் வருடம் ஒரு முறை டோர் பேடைக் கழற்ற வேண்டும். வடிகால் துளை, பியூட்டைல் டேப்பின் ஓரம், டெர்மினலில் பச்சை, நான்கு ஸ்க்ரூ. இரண்டு கதவுக்கும் சேர்த்து ஒரு மணி நேர வேலை.