நாயைப் பிணையாக வைத்துப் பணம் பறித்தார்கள்: குருகிராமிலிருந்து கோயம்புத்தூர் வந்த கதை

நாயோ பூனையோ வளர்ப்பவர்கள் ஊர் மாற்றலாகிப் போகிறீர்கள் என்றால், யாருக்கும் முன்பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களை ஏமாற்றிய இடமாற்ற நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. வழக்கு நடக்கிறது. தவிர, இந்நேரம் அவர்கள் வேறு பெயரில் கடை விரித்திருப்பார்கள்.

குருகிராமில் பதினொரு வருடம் இருந்தோம். கணவருக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்தது. நாங்கள் இருவர், ஒன்பது வயது மகன், மாமனார். இவர்களோடு ஜிம்மியும் மிளகும். ஜிம்மி லாப்ரடார் கலப்பு, 28 கிலோ, வயதாகிவிட்டவன். மிளகு எங்கள் குடியிருப்பின் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் கிடைத்த கறுப்புப் பூனை. மே மாதம். காலை எட்டு மணிக்கே மொட்டை மாடியில் கால் வைக்க முடியாத வெயில்.

மாமா ரயில்வேயில் போத்தனூரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "சென்னை வரை தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் போய்விடலாம், நாயும் நம்மோடு வரும்" என்று முதல் நாளே சொன்னார். முதல் வகுப்பு ஏசியில் இருவர் கூபேயோ நால்வர் கேபினோ முழுதாக நம் பெயரில் இருந்தால் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். இரண்டடுக்கு, மூன்றடுக்கு ஏசிப் பெட்டிகளில் அனுமதி இல்லை. ஆனால் கேபின் கிடைக்குமா என்பது சார்ட் போடும் நேரத்தில்தான் உறுதியாகும். அதன் பிறகுதான் தடுப்பூசி அட்டை, மருத்துவச் சான்றிதழோடு பார்சல் அலுவலகத்துக்கு ஓடி நாய்க்குக் கட்டணம் கட்ட வேண்டும். கேபின் கிடைக்காவிட்டால் கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க் கூண்டுதான் கதி. மே மாத வெயிலில் நாக்பூர், பல்லார்ஷா வழியாக ஒரு தகரக் கூண்டில் ஜிம்மியா? வேண்டாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அதைவிட மோசமான கூண்டுக்கு நானே பணம் கட்டப்போகிறேன் என்று அப்போது தெரியாது.

இணையத்தில் தேடியபோது வீட்டுச் சாமான், செல்லப் பிராணி இரண்டையும் ஒருசேரக் கொண்டுபோகிறோம் என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெரிய நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிய பெயர். ஐந்து நட்சத்திரப் பாராட்டுகள் ஐம்பதுக்கு மேல் இருந்தன. அத்தனையும் இரண்டு மாதத்துக்குள் எழுதப்பட்டவை என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். போனில் பேசிய இளைஞர் ஜிம்மியை நாய் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. "பேபிக்கு என்ன வயது மேடம்? பேபி கோழி சாப்பிடுமா?" என்று இந்தியில் குழைந்தார். நான் அங்கேயே விழுந்துவிட்டேன். சாமானுக்கு 62,000 ரூபாய், இன்சூரன்ஸ் என்று 9,000, பிராணிகளுக்கு 34,000. ஏசி வண்டி, உடன் ஒரு பராமரிப்பாளர், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வீடியோ, வேறு பிராணிகள் கிடையாது. பாதிப் பணம் முன்னதாக யூபிஐயில் போனது. பெற்றவர் பெயர் நிறுவனத்தின் பெயர் அல்ல, ஏதோ ஒரு தனி ஆளின் பெயர். கேட்டேன். "எங்கள் கணக்காளர் மேடம்" என்றார்கள். சரி என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை லாரியில் சாமான் ஏறியது. லாரி ரசீது, அங்கே பில்டி என்பார்கள், கேட்டதற்குக் கோயம்புத்தூரில் இறக்கும்போது தருகிறோம் என்றார்கள். சரக்கு ஏறும் இடத்தில் கொடுக்க வேண்டிய காகிதம் அது. இறக்கும் இடத்தில் அதை வைத்து என்ன செய்வது? இதையும் அப்போது கேட்கத் தோன்றவில்லை.

பிராணிகளின் வண்டி சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு வர வேண்டும். வந்தது எட்டே முக்காலுக்கு. எங்களுக்கு நண்பகலில் விமானம். வீடு துடைத்துப்போட்டாற்போல் காலி. வீட்டுக்காரர் சாவிக்காக வாசலில் நிற்கிறார். இந்தத் தாமதம் தற்செயலானது அல்ல என்று இன்று உறுதியாக நம்புகிறேன். ஐந்து மணிக்கு அந்த வண்டியைப் பார்த்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்போம்.

படத்தில் காட்டிய பெரிய கார் இல்லை. பின் இருக்கைகளைக் கழற்றிய ஒரு சின்ன வேன். வெள்ளை நம்பர் பலகை. வாடகைக்கு ஓடும் வண்டிக்கு மஞ்சள் பலகை இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை என்றால் அது சொந்த உபயோக வண்டி. கதவைத் திறந்ததும் பினாயில் வாடை, அதற்கு அடியில் மூத்திர வாடை. உள்ளே ஏற்கெனவே மூன்று கூண்டுகளில் விற்பனைக்குப் போகும் குட்டி நாய்கள். பராமரிப்பாளர் இல்லை, ஓட்டுநர் மட்டும். ஏசி? "வண்டி ஓடும்போது காற்று வரும்" என்றார். ஜிம்மியை ஏற்றிய கூண்டில் அவனால் தலையை நிமிர்த்தி நிற்க முடியவில்லை. பெரிய கூண்டு ஆக்ராவில் ஏறும் என்று போனில் சமாதானம் சொன்னார்கள். விமானத்துக்கு நேரமாகிவிட்டது. மருத்துவச் சான்றிதழையும் தடுப்பூசி அட்டையையும் ஓட்டுநர் கையில் கொடுத்தேன். மிளகின் பையை ஜிம்மியின் கூண்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். கதவை நானே சாத்தினேன்.

முதல் வீடியோ மதியம் வந்தது. பிறகு எதுவும் இல்லை. இரவு பத்து மணிக்கு ஒரு படம்: "பேபி நன்றாக இருக்கிறது." அந்தப் படத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

ஞாயிறு மதியம் வேறொரு குரல் அழைத்தது. வண்டியை மகாராஷ்டிர எல்லையில் பிடித்துவிட்டார்களாம். எல்லை வரி, சாமானுக்கு இ-வே பில் (சரக்கோடு இருக்க வேண்டிய மின்னணுச் சீட்டு) இல்லாததற்கு அபராதம், மொத்தம் 18,500. கட்டாவிட்டால் வண்டி நகராது. கூடவே ஒரு வீடியோ. ஜிம்மி நாக்கு முழுதும் வெளியே தொங்க, வயிறு வேகமாக ஏறி இறங்க, மூச்சிரைத்துக்கொண்டிருந்தான். நான் வாதாடவில்லை. இரண்டு நிமிடத்தில் பணம் போனது. மாலையில் மருத்துவச் சான்றிதழ் செல்லாது, புதியது வாங்க வேண்டும் என்று 9,500 கேட்டார்கள். அதுவும் போனது. இரண்டும் வேறு வேறு பெயர்களுக்கு.

எல்லை வரி, இ-வே பில் என்று முதலில் சொன்ன இரண்டு காரணமுமே பொய். ஜிஎஸ்டி வந்த 2017-க்குப் பிறகு மாநில எல்லைகளில் இருந்த விற்பனை வரிச் சாவடிகளை எடுத்துவிட்டார்கள். உபயோகித்த வீட்டுச் சாமானுக்கு இ-வே பில்லே தேவையில்லை. விதியிலேயே விலக்கு இருக்கிறது. சாமான் லாரியும் பிராணி வேனும் வேறு வேறு வண்டிகள் என்பதும், லாரிக்கான அபராதத்துக்கு நாய் ஏன் வெயிலில் நிற்க வேண்டும் என்பதும் அந்த நேரத்தில் எங்கள் நான்கு பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. இந்தத் தொழிலின் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது. சோபாவைப் பிடித்து வைத்தால் நாம் பேரம் பேசுவோம், போலீஸ் என்போம், பத்து நாள் பொறுப்போம். மூச்சிரைக்கும் நாயைக் காட்டினால் பத்து நிமிடம்கூடப் பொறுக்க மாட்டோம். சாமானையும் பிராணியையும் ஒருவரிடமே ஒப்படைக்கச் சொல்லி அவர்கள் சலுகை விலை தருவது இதற்காகத்தான்.

இரவு மூன்றாவது அழைப்பு வந்தது, 22,000 வேண்டுமாம். அதற்குள் கணவர் அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருந்தார். ஜிம்மிக்குப் பின்னால் கதவிடுக்கில் ஒரு கடைப் பலகை பாதி தெரிந்தது. அதை நாக்பூரில் இருக்கும் அவருடைய பழைய சக ஊழியருக்கு அனுப்பினார். மராட்டி எழுத்து, புட்டிபோரி என்று அவர் உடனே சொல்லிவிட்டார். நாக்பூருக்குத் தெற்கே வார்தா சாலையில் தொழிற்பேட்டை இருக்கும் ஊர். எல்லையிலிருந்து வெகுதூரம் தள்ளி, நகரத்தையே தாண்டி நிற்கிறது வண்டி!

திங்கள் காலை அந்த நாக்பூர் நண்பர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய், ஒரு தாபாவுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வேனைக் கண்டுபிடித்தார். வீடியோ அழைப்பில் காட்டினார். மகன் "ஜிம்மி" என்று கத்தினான். போனிலிருந்து வந்த அந்தக் குரலுக்கு ஜிம்மியால் எழ முடியவில்லை. வாலை ஆட்டவும் இடமில்லை. வால் மட்டும் கூண்டின் தகரத்தில் டொக் டொக்கென்று இடித்தது. மாமா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

ஓட்டுநர் மாறியிருந்தார். பத்தொன்பது, இருபது வயதுப் பையன். 4,000 ரூபாய்க்கு ஓட்ட வந்தவன், எங்களிடம் எவ்வளவு வாங்கினார்கள் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. தண்ணீர் ஏன் கொடுக்கவில்லை என்று நண்பர் கேட்டதற்கு, "கொடுத்தால் மூத்திரம் போகும், வண்டி நாறும், முதலாளி திட்டுவார்" என்றான். பிராணிகளை ஏற்றிச் செல்வதற்கு 1978-லேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. கோடையில் நாய்க்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர், வளர்ந்த நாய்க்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உணவு. விளம்பரத்தில் இருந்த "நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை" எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது. விதி அவர்களுக்குத் தெரிந்தே இருக்கிறது.

இன்னொன்றையும் அந்தப் பையன் பெருமையாகவே சொன்னான். சத்தம் போடாமல் இருக்கத் தூக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அரை மயக்கத்தில் வெயிலில் கிடந்தால் அதுவும் ஒழுங்காக நடக்காது. யாராவது "பயணத்துக்கு மயக்க ஊசி போட்டுவிடுவோம்" என்று சொன்னால் அவரிடம் உங்கள் நாயைக் கொடுக்காதீர்கள். உங்கள் கால்நடை மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரையும் வேண்டாம். மிளகு மூன்று நாள் அந்தப் பையைவிட்டு வெளியே வரவில்லை. வலையில் தேய்த்துத் தேய்த்து மூக்குத் தோல் உரிந்து, சதை தெரிந்தது.

கணவர் நாக்பூருக்குப் பறந்து போனார். அங்கே மருத்துவரிடம் ஒரு நாள் முழுதும் ஜிம்மிக்குச் சலைன் ஏறியது. பிறகு தெரிந்தவர் மூலம் ஒரு காரை அமர்த்தி, ஐதராபாத், கர்நூல், பெங்களூரு வழியாக 1,400 கிலோமீட்டருக்கு மேல் இரண்டு பிராணிகளையும் தன்னோடு வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். பகல் பதினொன்றிலிருந்து நான்கு வரை ஓட்டவில்லை. செலவு? அந்த நிறுவனம் பிராணிகளுக்குக் கேட்ட அதே அளவுதான் ஆனது. முதல் நாளே இப்படி வந்திருக்கலாம்.

சாமான் பத்தொன்பதாவது நாள் வந்தது. வாஷிங் மெஷின் இல்லை, மாமியாரின் பித்தளைக் குத்துவிளக்கில் ஒன்று இல்லை. இன்சூரன்ஸ் என்று வாங்கிய 9,000-க்குப் பாலிசி எண்ணே கிடையாது.

அப்புறம்தான் விலைப்புள்ளிக் காகிதத்தை ஒழுங்காகப் பார்த்தேன். ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும். ஹரியானாவுக்கு 06, டெல்லிக்கு 07, நம் ஊருக்கு 33. குருகிராம் முகவரி போட்ட இந்தக் காகிதத்தில் எண் 19 என்று தொடங்கியது. அது மேற்கு வங்காளம். ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணைத் தட்டினால் ஒரு துணி வியாபாரியின் பெயர் வருகிறது. ஒரு நிமிட வேலை. கோழி சாப்பிடுமா என்று கேட்டவரிடம் இதை நான் கேட்டிருக்க வேண்டும்.

பணம் பறிபோனவர்கள் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். நாங்கள் மூன்று நாள் கழித்து அழைத்தோம், கணக்குகள் அதற்குள் காலி. காவல் நிலையத்தில் இது சிவில் விவகாரம் என்றார்கள். எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்று மாமா உட்கார்ந்தே விட்டார், அதனால் புகார் ரசீதாவது கிடைத்தது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தோம். நுகர்வோர் ஆணையத்துக்காகக் குருகிராம் போக வேண்டுமோ என்று பயந்தேன். தேவையில்லை. 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. கோயம்புத்தூரில் போட்டிருக்கிறோம். தொலைந்த சாமானுக்கு லாரிக்காரருக்குத் தனியாக எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அதற்குச் சரக்கை புக் செய்த நாளிலிருந்து 180 நாள் கெடு. எங்களிடம் பில்டி இல்லாததால் யாருக்கு நோட்டீஸ் அனுப்புவது என்பதே பெரிய பாடாகிவிட்டது. லாரி ஏறும்போது அதன் நம்பரை மகன் விளையாட்டாகப் படம் எடுத்து வைத்திருந்தான். இப்போதைக்கு எங்கள் கையில் இருக்கும் உருப்படியான ஆதாரம் அதுதான்.

ஜிம்மி தேறிவிட்டான். மிளகின் மூக்கில் தழும்பு இருக்கிறது.

போன வாரம் ஒரு தோழி வேறொரு பெயரில் வந்த விளம்பரத்தை அனுப்பி, இவர்கள் பரவாயில்லையா என்று கேட்டாள். மகிழ்ச்சியான வாடிக்கையாளர்கள் என்ற வரிசையில் மூன்றாவது படம், நீலக் கழுத்துப்பட்டையோடு உட்கார்ந்திருக்கும் பழுப்பு நாய். பின்னால் எங்கள் குருகிராம் வீட்டுக் கதவு, அதில் நான் கட்டிய பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம். அந்தப் படம் உங்கள் கண்ணில் பட்டால், அது ஜிம்மி. அந்த எண்ணை அழைக்காதீர்கள்.